எலி நுழையாத விமானம்

"ஜோதி ஜி, ஜரா இங்க வாங்க. யே க்யா ஹை?"

சீஃப் இன்ஜினியர் பாலசுப்ரமணியம் விமானத்தின் பின்சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்திருந்தார். வெளியே தெரிந்தவை அவருடைய வெள்ளை பேண்ட்டும் பளபளக்கும் ஷூக்களும் மட்டும்தான். ஜோதிலிங்கம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இருபத்து நான்கு வருஷமாக விமானங்களுக்கு மெக்கானிக் வேலை பார்க்கிறார். 'யே க்யா ஹை', இது என்ன, என்று ஒரு மேலதிகாரி கேட்டு, அதற்கு நல்ல பதில் ஒன்று கிடைத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

பாலசுப்ரமணியம் தலையை வெளியே எடுத்தார். கைக்குட்டையின் நடுவில் ஐந்து கறுப்பு உருண்டைகள் இருந்தன. மிளகைவிடச் சிறியவை, காய்ந்து சுருங்கியவை.

"எலி," என்றார்.

"நம்ம ப்ளேன்லயா? இருக்காது சார்."

"இருக்காதுன்னா இது என்ன, ஏலக்காயா?"

ஜோதிலிங்கம் கையை நீட்டினார். பாலசுப்ரமணியம் கைக்குட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தொடாதீங்க. ப்ளேக் வரும்."

"எலி போட்டது நீளமா இருக்கும் சார். இது உருண்டையா இருக்கே."

"எல்லா எலிக்கும் ஒரே வயிறா? இது பழசு. சுருங்கிப்போச்சு." கேமரா ஃபிலிம் வரும் சின்ன டப்பா ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, உருண்டைகளை அதில் போட்டு மூடி, மேலே பேனாவால் தேதி எழுதினார். "எவிடென்ஸ்."

பாலசுப்ரமணியம் பிறந்து வளர்ந்தது டில்லி கரோல் பாகில். வீட்டில் ராஜ்மா சாவல், ஆபீசில் ஆலு பராட்டா. தமிழை, டில்லி வெயில் காலத்தில் ஸ்வெட்டரைப் போல, அபூர்வமாக, ஊர்க்காரர்களிடம் மட்டும்தான் வெளியே எடுப்பார். ஜோதிலிங்கத்துக்குப் பத்து வயசு இளையவர், ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

அந்தக் கையெழுத்துதான் இப்போது விஷயம்.

விமானத்தின் சொந்தக்காரர் மல்ஹோத்ரா ஒரு டயர் வியாபாரி. சனிக்கிழமை காலை குடும்பத்தோடு ஜெய்ப்பூருக்குப் பறப்பதாக இருந்தார். நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம் அது. வருஷாந்திரச் சோதனை முடிந்து பாலசுப்ரமணியம் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கலாம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஜோதிலிங்கத்துக்கு லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஞாயிறு காலை மெட்ராஸ், அன்று ராத்திரி ரயில் ஏறினால் திங்கள் விடியற்காலை சாத்தூர். திங்கள் காலை ஒன்பதரைக்கு அவர் மகள் செல்விக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்டதும் பத்திரிகை வைத்ததும் மைத்துனன்தான். தாரை வார்த்துக் கொடுக்கவாவது அப்பா வருவாரா என்று மனைவி அம்சவேணி நேற்று டிரங்க் காலில் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மூன்று நிமிஷம் முடிந்து லைன் கட்டானது.

இன்று செவ்வாய்க்கிழமை.

"ஒரு எலிக்காக லீவை நிறுத்திடாதீங்க சார்."

"நான் எங்க நிறுத்தறேன்? எலி நிறுத்துது."

அவர் சொல்வது நியாயம்தான் என்பது ஜோதிலிங்கத்துக்கே தெரியும். சின்ன விமானம் எலிக்கு அரண்மனை மாதிரி. சீட்டுக்குள் இருக்கும் பஞ்சு மெத்தையாகும். ஒயரின் மேல்தோல் பல்லுக்கு இதமாக இருக்கும். தரைத்தகட்டுக்குக் கீழே வால் வரைக்கும் ஓடுகிற கம்பிகளை இழுத்துத்தான் விமானி விமானத்தைத் திருப்புகிறார். அந்தக் கம்பி சுற்றி ஓடும் கப்பிக்குள் கொஞ்சம் பஞ்சு சிக்கினால் போதும். எல்லாவற்றையும்விட மோசம் எலியின் மூத்திரம். அது அலுமினியத்தை அரித்துவிடும், வெள்ளையாகப் பூத்துக்கொண்டு.

"இங்க பாருங்க," என்றார் பாலசுப்ரமணியம். பின்சீட்டை ஒட்டிச் சாமான் வைக்கும் இடத்தில் தரையில் வெள்ளைத் திட்டுகள், உப்புப் பூத்தது போல. "வாசனையும் பாருங்க."

ஜோதிலிங்கம் மோந்து பார்த்தார். லேசான புளிச்ச வாடை இருந்தது. அவர் முகம் சுருங்கியது.

வாடையைவிட அவமானம்தான் அதிகம். பதினோரு வருஷமாக இந்த விமானத்துக்குள் ஓர் எறும்பு நுழைந்ததில்லை. இறக்கைக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. எதிர்க்காற்று அதற்குள் போய் அழுத்துவதை வைத்துத்தான் வேகமுள் வேகத்தைச் சொல்கிறது. குளவி அதற்குள் ஒரு மத்தியானத்தில் மண்கூடு கட்டிவிடும், அப்புறம் முள் சொல்வதெல்லாம் பொய். அதற்கு அவர் சிவப்புத் துணியில் உறை தைத்து மாட்டியிருந்தார். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாய்களில் மைனா புகாமல் கம்பிவலை. சக்கரக் கால்களைச் சுற்றி டால்டா டின்னை வெட்டிச் செய்த வழுக்குத் தகடு. காற்றில் நகராமல் விமானத்தைத் தரையோடு கட்டியிருக்கும் கயிறுகளில், கப்பல்காரர்கள் மாட்டுவது போல வட்டத்தகடு. எலி கயிற்றில் ஏறி வரும், தகட்டைப் பார்க்கும், திரும்பிப் போகும். போக வேண்டும். ஆனால் போகவில்லையே.

"போன வாரம் பூரா லாக் புக் எழுதுங்கன்னு என்னை ஆபீசுல உட்கார வச்சீங்க சார். அப்பத்தான் வந்திருக்கணும்."

"அச்சா, இப்ப தப்பு என் மேலயா?"

தரைத்தகடுகளைக் கழற்றச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நூற்று நாற்பது ஸ்க்ரூ. ஜோதிலிங்கம் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

விமானக் கொட்டகையான ஹேங்கரைக் கூட்டும் வேலம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள். தமிழ்க் குடிசைகள் நிறைந்த மதராசி கேம்ப்பிலிருந்து வருபவள். கள்ளக்குறிச்சிப் பக்கம். விமானத்தின் உட்புறத்தைத் துடைப்பதும் அவள்தான்.

"இன்னாய்யா தேடறீங்க?"

"எலி."

"இதுலயா? இதுல ஏதுய்யா எலி?"

"அதை எலிகிட்டச் சொல்லு."

"நான் தினமும் தொடைக்கிறேன், எனக்குத் தெரியாதா? சத்தியமா இருக்காதுய்யா."

"சீஃப் கண்ணால பார்த்துட்டார்மா. போய் வேலையைப் பாரு."

நூற்று நாற்பது ஸ்க்ரூவும் கழன்றன. உள்ளே எலி இல்லை, கூடு இல்லை. ஒரு ஒயரில்கூடப் பல் பட்ட அடையாளம் இல்லை.

"புத்திசாலி எலி," என்றார் பாலசுப்ரமணியம். "பொறி வைங்க."

ஐ.என்.ஏ. மார்க்கெட் ரோட்டைத் தாண்டினால்தான். ஜோதிலிங்கம் கம்பிக்கூண்டு ஒன்று வாங்கி, பக்கத்துக் கடையில் சூடாகப் போட்ட மசால் வடையில் பாதியை அதில் மாட்டினார். மீதிப் பாதிதான் அன்றைக்கு அவருடைய மத்தியானச் சாப்பாடு.

புதன்கிழமை காலை கூண்டு திறந்தபடி இருந்தது. வடை கறுப்பாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தபோது அது அசைந்தது.

எறும்புகள் கட்டுக்கயிறு வழியாக ஏறி, இறக்கையில் நடந்து, கதவு இடுக்கில் நுழைந்து, திறந்து கிடந்த தரைக்குள் இறங்கி, கம்பிகளோடு கம்பியாக ஓடிக்கொண்டிருந்தன. எலியைத் தடுக்கும் வட்டத்தகடு எறும்புக்கு வெறும் மைதானம். சாவதானமாகச் சுற்றிக்கொண்டு வந்தன.

"நேத்து எலி," என்றார் பாலசுப்ரமணியம். "இன்னிக்கு எறும்பு. நாளைக்கு ஹாத்தியா, யானையா?"

"வடையால வந்தது சார்."

"வடை வச்சது யாரு?"

ஜோதிலிங்கம் எறும்புப் பொடி தூவினார். எறும்பு செத்தது. அந்த மட்டும் சந்தோஷம்தான். ஆனால் பொடியின் நாற்றம் ஏற்கெனவே இருந்த புளிச்ச வாடையோடு சேர்ந்து, உள்ளே தலையை விட்டவர்கள் எல்லாம் தும்மினார்கள். பாலசுப்ரமணியம் ஏழு தும்மல் தும்மினார். எட்டாவது தும்மலில் அவர் மூக்குக்கண்ணாடி தரைத்தகட்டுக்குக் கீழே விழுந்தது. அதை எடுக்க அரை மணி நேரம்.

"காத்தாட விடுங்க. எல்லாத்தையும் திறங்க. ஜல்தி."

கதவுகளைத் திறந்தார். ஜன்னல்களைத் திறந்தார். எஞ்சினுக்குப் பின்னாலிருந்துதான் உள்ளே காற்று வருகிறது என்பதால் எஞ்சின் வாய்களிலிருந்த கம்பிவலையையும் எடுத்தார். சூடு தணிய நிழலில் போய் உட்கார்ந்தவர் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். கனவில் தவில் சத்தம் கேட்டது. மணமேடையில் மாப்பிள்ளைக்கு எதிரே ஒரு எலி பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, தாரை வார்க்கக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

விழித்தபோது தவில் இல்லை. இரண்டு மைனாக்கள்தான் எஞ்சின் மூடியின் மேல் டொக்டொக்கென்று நடந்துகொண்டிருந்தன. ஒன்று உள்ளே போனது. மற்றது வாயில் வைக்கோலோடு தன் முறைக்குக் காத்து நின்றது.

இரண்டரை மணி நேரத்தில் அவை எஞ்சினின் நாலு சிலிண்டர்களுக்கும் நடுவே வைக்கோல், மிட்டாய்க் காகிதம், விமான நிலையப் புல், யாருடையதோ ஒரு ஷூ லேஸ் எல்லாவற்றையும் வைத்து அழகான வீடு கட்டியிருந்தன. பறக்கும்போது சூடேறினால் அது தீப்பிடிக்கும். ஜோதிலிங்கம் எஞ்சின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு வைக்கோலாக எடுத்தார். இறக்கையின் நுனியில் உட்கார்ந்து மைனாக்கள் அவரைத் திட்டின. அவர் பதில் பேசவில்லை. இருபத்து நான்கு வருஷ சர்வீஸ் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

வியாழக்கிழமை பாலசுப்ரமணியம் ஒரு யோசனையோடு வந்தார். யோசனை அவர் கையிலிருந்த கோணிப்பைக்குள் துள்ளியது.

"கேன்டீன் பூனை. ஒரு மணி நேரம் உள்ள விடுங்க. எலி இருந்தா காலி. இல்லைன்னா பூனை வாசனையிலேயே ஓடிடும்."

"சார், தரை திறந்து கிடக்கு."

"அதுக்கு?"

அதற்கு என்ன என்பதைப் பூனையே காட்டியது. பையிலிருந்து விழுந்ததும் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திறந்த தரைக்குள் இறங்கி, வால் பக்கமாக நடந்து இருட்டில் மறைந்தது. விமானத்தின் பின்பாதி உள்ளே வெறும் கூம்பு. போகப் போகக் குறுகும். பூனை போகலாம், மனுஷன் போக முடியாது. பூனை கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து மல்ஹோத்ரா வந்தார்.

"எல்லாம் டீக் ஹை?"

"ஏ ஒன் சார்," என்றார் பாலசுப்ரமணியம்.

மியாவ், என்றது வால்.

மல்ஹோத்ரா திரும்பினார். "என்ன சத்தம் அது?"

"கன்ட்ரோல் கேபிள் சார். கொஞ்சம் எண்ணெய் போடணும்."

மியாவ். மியாவ்.

"நிறைய எண்ணெய் போடணும்," என்றார் ஜோதிலிங்கம் அலுப்போடு.

மல்ஹோத்ரா கதவருகே போய் மூக்கைச் சுளித்தார். நேற்றைய பொடி இன்னும் மீதி இருந்தது. மூன்று முறை தும்மிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை தன் மாமியாரும் வருவதாகவும், விமானம் தயாராக இல்லாவிட்டால் வேறு இன்ஜினியரைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பாலசுப்ரமணியத்தின் முகம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஜோதிலிங்கத்தின் முகத்தைப் போல ஆனது.

"ஜோதி ஜி, ஏதாவது பண்ணுங்க."

பால் வைத்தார்கள். பிஸ்கெட் வைத்தார்கள். வாலை வெளியிலிருந்து மெல்லத் தட்டினார்கள். பூனை உள்ளிருந்து பதிலுக்குத் தட்டியது. கடைசியில் வேலம்மாள்தான் வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தன் மத்தியானச் சாப்பாட்டின் முக்கியமான பாகத்தை அவிழ்த்தாள். கருவாடு.

"யே க்யா பத்பூ ஹை?" என்று பாலசுப்ரமணியம் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்.

"பூனைக்கு இது பத்பூ இல்லிங்க சாமி," என்றாள் வேலம்மாள்.

ஜோதிலிங்கம் நீளமான பலகை ஒன்றை வெளியே தரையிலிருந்து கதவுக்குச் சாய்த்துப் போட்டார். வேலம்மாள் கருவாட்டைத் துண்டு துண்டாகத் திறந்த தரையிலிருந்து பலகை வரை வரிசையாக வைத்தாள். பத்து நிமிஷத்தில் பூனை, வாங்கின கடனைத் திருப்பிக் கேட்க வந்த மாதிரி நிதானமாக நடந்து வந்து, ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே பலகையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் கேன்டீன் பக்கம் போனது.

"பூனையே எலி இல்லைன்னு சொல்லிடுச்சே சாமி," என்றாள் வேலம்மாள். "ஒண்ணு இருந்திருந்தா வெறும் வாயோட வருமா?"

"பூனை கையெழுத்துப் போடுமா?" என்றார் பாலசுப்ரமணியம். "எவிடென்ஸ் என் டிராயர்ல இருக்கு. எலி கிடைக்காம நான் சைன் பண்ண மாட்டேன்."

ஜோதிலிங்கம் பால் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். மறுநாள் சாயங்காலம் ரயில். கிடைக்க வேண்டிய எலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு துண்டுக் கருவாடு கையெட்டாத இடத்தில் கப்பிக்குக் கீழே விழுந்து கிடந்ததும் அவருக்குத் தெரியவில்லை. அலுப்பில் பலகையை எடுக்கவும் கதவைச் சாத்தவும் மறந்துபோனார். போகும்போது பழக்கதோஷத்தில் காலிக் கூண்டை மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் போனார். அதன் கொக்கியில் வேலம்மாள் மிச்சமிருந்த கருவாட்டுத் தலையை மாட்டியிருந்தாள், வீணாவானேன் என்று.

வெள்ளிக்கிழமை காலை ஜோதிலிங்கம் ஒரு சூட்கேஸோடு வந்தார். போகப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்ட சூட்கேஸ் அது. பலகையில் ஏறி, திறந்தே கிடந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

கூண்டு மூடியிருந்தது.

உள்ளே ஒரு பெருச்சாளி. ஒரு சின்னப் பப்பாளிப்பழம் அளவு. கம்பிகளுக்கு நடுவே மீசையை நீட்டி, இங்கே யார் இன்சார்ஜ் என்று கேட்பது போல அவரைப் பார்த்தது.

ஜோதிலிங்கம் வாழ்க்கையில் எந்தப் பிராணியையும் அவ்வளவு அன்போடு பார்த்ததில்லை.

"சார்."

பாலசுப்ரமணியம் ஓடி வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "நான் சொன்னேனா இல்லையா? முதல் நாளே சொன்னேன். என் கண்ணு தப்பாது ஜோதி ஜி."

"நான்தான் சார் நம்பலை."

"பதினோரு வருஷம்னு பெருமை அடிச்சீங்க. பெருமை கூடாது."

"கூடாது சார்."

பெருச்சாளியை ஓடுபாதைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகு வேலை ஓடியது. இருவருமாகக் கம்பி கம்பியாக, கப்பி கப்பியாகப் பார்த்தார்கள். கடைசிக் கருவாட்டுத் துண்டும் கிடைத்தது. வெள்ளைத் திட்டுகளை ஜோதிலிங்கம் தண்ணீர் விட்டுத் துடைத்தார். மூத்திரம் அரித்திருந்தால் அடியில் குழி இருக்க வேண்டும். ஆனால் ஈரத்துணியில் அப்படியே வந்துவிட்டது, அலுமினியம் கண்ணாடியாக இருந்தது. அதிர்ஷ்டம், என்று நினைத்துக்கொண்டார். நூற்று நாற்பது ஸ்க்ரூவும் திரும்ப உட்கார்ந்தன. எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். நாலு மணிக்குப் பாலசுப்ரமணியம் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கீழே 'எலித் தொல்லை கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது' என்று இங்கிலீஷில் எழுதி, அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து.

"போங்க. பேட்டிக்கு, உங்க பொண்ணுக்கு, என் ஆசீர்வாதம் சொல்லுங்க." டிராயரிலிருந்து ஃபிலிம் டப்பாவை எடுத்து ஜோதிலிங்கத்தின் கையில் வைத்தார். "இதைப் போற வழியில குப்பையில போட்டுடுங்க. இனி எவிடென்ஸ் வேண்டாம்."

ஜோதிலிங்கம் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கை காலெல்லாம் வலித்தது. ஆனால் சூட்கேஸ் கனக்கவில்லை.

வாசலில் வேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. பழைய புடவையில் தைத்து, வாயைச் சுருக்குக் கயிற்றால் இறுக்கிய பை.

"ஊருக்குக் கிளம்பிட்டீங்களாய்யா?"

"ஆமாம்மா. உன் கருவாடு புண்ணியம்."

"பாப்பாவுக்கு நான் இன்னா பெருசா செய்யப் போறேன். இதை அம்மாகிட்டக் குடுங்க. கல்யாணத்து வத்தக்கொழம்புக்கு ஆவும்."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"வெல குடுத்து வாங்கல. ஓடுபாதை ஓரம் மணத்தக்காளி மண்டிக் கெடக்குது. இந்த ஊரு சனத்துக்கு அதைத் திங்கத் தெரியல. பறிச்சேன், உப்புப் போட்டு மோருல ஊறப்போட்டேன், காயவச்சேன். அவ்ளோதான்."

ஜோதிலிங்கம் சிரித்துக்கொண்டே கயிற்றைத் தளர்த்தினார். பையிலிருந்து ஒரு வாடை வந்தது. லேசான புளிச்ச வாடை.

சிரிப்பு நின்றது.

பைக்குள் கையை விட்டுக் கொஞ்சம் அள்ளினார். மிளகைவிடச் சிறியவை, காய்ந்து சுருங்கியவை. சூட்கேஸைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஃபிலிம் டப்பாவை எடுத்துத் திறந்து, அதிலிருந்த ஐந்தையும் அதே உள்ளங்கையில் கொட்டினார். ஒரு தடவை கையைக் குலுக்கினார். எது டப்பாவிலிருந்து வந்தது, எது பையிலிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது.

"வேலம்மா," என்றார் மெதுவாக. "இதை எங்க காயவச்சே?"

வேலம்மாள் ஆபீஸ் ஜன்னலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பெரிய சாமிகிட்டச் சொல்லிடாதீங்கய்யா. போன வாரம் மூணு நாளு நம்ம ப்ளேன் பின்சீட்டுல பரப்பி வச்சேன், கதவைச் சாத்துனா கண்ணாடிக்குள்ள அடுப்பு மாதிரி காயுது. எங்க கேம்ப்புல வச்சா ஒண்ணு மிஞ்சாது, டில்லியிலயே எலி நுழையாத எடம் அது ஒண்ணுதானே?"